தட்டின் மேல் யார் கை?

எனக்குச் சடங்கு வைத்த அன்று எங்கள் தெரு வேப்பமரத்தில் இரண்டு கூம்புக் குழாய்களைக் கட்டினார்கள். ஒன்று ஊரைப் பார்த்து, இன்னொன்று மெயின் ரோட்டைப் பார்த்து. 1980களின் பிற்பகுதி அது. கேசட் வந்துவிட்ட காலம்தான் என்றாலும், ரேடியோ செட்காரர் இசைத்தட்டுப் பெட்டியைக் கைவிட்டிருக்கவில்லை. காலை ஐந்து மணிக்குச் சாமிப் பாட்டில் தொடங்கி, பிறகு படப்பாட்டு, நடுநடுவே அறிவிப்பு: இன்னாருடைய மகளுக்குப் பூப்புனித நீராட்டு விழா, உற்றார் உறவினர் வருக. சாத்தூர் பஸ்ஸில் போகிறவர்களுக்கும், தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிற அக்காமார்களுக்கும், என் வகுப்புப் பையன்களுக்கும் என் உடம்பில் நடந்தது குழாய் வழியாகத் தெரிந்துபோனது. நான் ஓலைக் குடிசைக்குள் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை மொய் வாசித்தார்கள். தாய்மாமன் சீர் முதல் பக்கத்துத் தெருக்காரர் எழுதிய 11 ரூபாய் வரை எல்லாம் மைக்கில் வந்தது. வந்த பெயர்கள் எல்லாம் ஆண்களின் பெயர்கள். தன் தீப்பெட்டிக் கூலியில் எனக்குப் பாவாடைத் துணி எடுத்துவந்த சித்தியின் பெயர் குழாயில் வரவில்லை. சித்தப்பா பெயர் வந்தது.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு கை என் நினைவில் நிற்கிறது. தட்டி மறைப்பின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். மேசை மேல் ரிக்கார்டு பிளேயர் சுற்றிக்கொண்டிருந்தது. பாட்டு முடியும் நேரத்தில் ரேடியோ செட்காரர் ஒரு விரலால் ஊசியைத் தூக்கினார், மறு கையால் தட்டைத் திருப்பினார், ஊசியைச் சரியான கோட்டில் இறக்கினார். ஊர் முழுவதும் கேட்கிற ஒலி அந்த ஒரு விரல் நுனியில் இருந்தது. என்னைப் பற்றி ஊருக்குச் சொல்கிற எந்திரத்தின் மேல் என் கையோ, என் அம்மா கையோ, சித்தி கையோ பட்டதில்லை. ஏன் என்ற கேள்வி எனக்கு அப்போது வரவில்லை. இப்போது வருகிறது. இசைத்தட்டின் வரலாற்றை அந்தக் கேள்வியோடு திருப்பிப் படித்துப் பார்க்கும் முயற்சிதான் இந்தக் கட்டுரை.

குரலுக்கு இடம் இருந்தது

இசைத்தட்டின் வரலாற்றில் பெண்கள் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. எமிலி பெர்லினர் 1887இல் கிராமபோனுக்குக் காப்புரிமை பெற்றார். 15 ஆண்டுகள் கழித்து, 1902 நவம்பரில், கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் ஒலிப்பதிவைத் தொடங்கினார். அங்கே முதலில் பதிவானவை நாடக மேடைப் பெண்களான சசிமுகி, பணிபாலா ஆகியோரின் குரல்கள். சில நாட்களில் கௌஹர் ஜான் பாடினார். பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் தானே அறிவித்தார். தட்டுகள் அச்சாகும் ஹானோவர் நகரத் தொழிற்சாலையில் யாருடைய பாட்டு என்று தெரிந்து சீட்டு ஒட்டுவதற்காக அந்த ஏற்பாடு என்பார்கள். காரணம் எதுவானாலும், இந்திய இசைத்தட்டின் தொடக்க நாட்களிலேயே ஒரு பெண் தன் பெயரைத் தன் வாயால் சொல்லிப் பதிவு செய்தாள். என் சித்திக்குக் கிடைக்காதது அது.

தென்னாட்டிலும் இதே கதைதான். சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் ஆகியோர் 20ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளிலேயே தட்டுகளில் பாடியவர்கள். பெரும்பாலும் தேவதாசி மரபில் வந்த பெண்கள். பெயர் பெற்ற ஆண் வித்வான்கள் பலர் அந்த எந்திரத்தின் முன் வாய் திறக்கத் தயங்கிய காலம் அது. நாலு பேர் முன்னிலையில் பாடுவதற்காக ஏற்கெனவே பழிக்கப்பட்ட பெண்களுக்கு எந்திரத்தின் முன் பாடுவதால் புதிதாக இழக்க ஒன்றும் இருக்கவில்லை. கம்பெனிகள் அதில் லாபம் பார்த்தன. அந்தப் பெண்களும் சம்பாதித்தார்கள். 1926இல் மதுரை சண்முகவடிவின் மகள் எம்.எஸ். சுப்புலட்சுமி தன் பத்தாவது வயதில் முதல் தட்டைப் பதிவு செய்ததும் இந்தத் தொடர்ச்சியில்தான்.

கோயம்புத்தூர் தாயியின் கதையை மட்டும் சற்று நின்று பார்க்கலாம். அவருடைய இசைத்தட்டால் ஈர்க்கப்பட்ட பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரிஸ் தெலாழ், 1912இல் இந்தியா வந்துபோனார். பிறகு ‘ராகமாலிகா’ என்ற பியானோ இசையை எழுதினார். அது தாயி தட்டில் பாடிய அருட்பாவை அடியொற்றியது. பியானோ தந்திக்கு அடியில் அட்டையைச் செருகி ஒலியை மாற்றிய முதல் முயற்சிகளில் ஒன்று என்று இசை வரலாற்றில் அந்தப் படைப்புக்கு இடம் இருக்கிறது. ஒருவரின் பதிவான குரலை எடுத்து வேறொன்றாக ஆக்குவது இன்று டிஜேக்களின் அடிப்படைத் தொழில். அதற்கு ஒரு தமிழ்ப் பெண்ணின் தட்டு 100 ஆண்டுகளுக்கு முன்பே மூலப்பொருளாகிவிட்டது. படைப்பாளி என்ற பெயர் தெலாழுக்குப் போனது. தாயி மூலப்பொருளாக நின்றுவிட்டார்.

இசைத்தட்டு ஊருக்குள் வந்த வழியில் இன்னொரு குரலையும் சொல்ல வேண்டும். சினிமாவில் கிளப் நடனப் பாட்டு என்றால் எல்.ஆர். ஈஸ்வரி. முனகலும் சிரிப்பும் கலந்த அந்தக் குரலை வீட்டுப் பெண்கள் முணுமுணுக்கக்கூடாது என்று வைத்திருந்தார்கள். அதே குரல்தான் அம்மன் பாட்டுகளில் ஆடி மாதக் குழாய்களை எல்லாம் நிறைத்தது. இருக்கன்குடிக்கு நடந்து போகிறவர்களின் காதிலும், விருதுநகர்ப் பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கலிலும் அந்தக் குரல் இல்லாமல் முடியாது. பின்னணிப் பாடகிகளைப் பற்றி 2021இல் நூல் எழுதிய அமாண்டா வைட்மன், ‘நல்ல’ பெண் குரல், ‘கெட்ட’ பெண் குரல் என்ற பிரிவினை எப்படிக் கட்டப்பட்டது என்று விரிவாகக் காட்டுகிறார். எங்கள் ஊர்க் குழாய் அந்தப் பிரிவினையைக் கண்டுகொள்ளவில்லை. காலையில் அம்மனாகப் பாடியவளே இரவில் ஆட்டக்காரியாகப் பாடினாள். எந்த நேரத்தில் எந்தக் குரல் வர வேண்டும் என்று முடிவு செய்தது மட்டும் மேசைக்குப் பின்னால் இருந்த ஆண் கை.

மேசைக்குப் பின்னால்

ரேடியோ செட், மைக் செட், சவுண்ட் சர்வீஸ் எனக் காலத்துக்கொரு பெயர் அந்தத் தொழிலுக்கு. ஆம்ப்ளிஃபயர், யூனிட்டோடு கூம்புக் குழாய்கள், ரிக்கார்டு பிளேயர், மைக், சீரியல் லைட், ஒரு பெட்டி நிறையத் தட்டுகள். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை, தேர்தல், சாவு என எதற்கும் அவர் வேண்டும். எந்த வீட்டுக்கு எந்தப் பாட்டு, எந்தத் தெருவில் எதைப் போட்டால் சண்டை வரும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒலி சாதியின் எல்லைக்கோட்டை ஒட்டித்தான் நடந்தது. ஒரு தெருக் குழாய் இன்னொரு தெருவைப் பார்த்துத் திரும்பியதால் கைகலப்பு வந்த கதைகள் எங்கள் பக்கம் ஊருக்கு ஒன்று உண்டு.

இது விளையாட்டுத் தொழில் இல்லை, நுட்பமான கலை. பால் கிரீன் என்ற இசையியலாளர் 1999இல் தமிழ்க் கிராமம் ஒன்றின் ஒலியமைப்பாளர்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். கேசட்டைத் தேர்ந்து, முறைப்படுத்தி, சத்தம் கூட்டிக் குறைத்துப் போடுவதே ஒருவகை வழிபாட்டு நிகழ்த்துதல் என்று அவர் பார்த்தார். அதை நான் ஒப்புக்கொள்கிறேன். கூடவே ஒரு கேள்வியையும் சேர்க்கிறேன்: அந்த நிகழ்த்துதலுக்குள் பெண் நுழைவதற்குத் தடையாக இருந்தது எது?

மரம் ஏற வேண்டும், பாரம் தூக்க வேண்டும், மின்சாரத்தோடு புழங்க வேண்டும் என்பார்கள். எங்கள் பெண்கள் கண்மாயில் மண் சுமந்தவர்கள், பட்டாசு மருந்தோடு புழங்கியவர்கள். பாரத்தையும் ஆபத்தையும் காட்டி அவர்களை யாரும் வேலையிலிருந்து நிறுத்தியதில்லை. உண்மையான தடைகள் மூன்று. ரேடியோ செட்காரர் இரவு வெளியே தங்க வேண்டும். ஊர் ஊராகத் தனியே போக வேண்டும். கூட்டத்துக்கு நடுவில் எல்லோர் கண்ணும் படும்படி உட்கார்ந்து, அடுத்து என்ன நடக்கும் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். பெண்ணுக்கு இந்த மூன்றும் மறுக்கப்பட்டிருந்தன. மறுப்பை மீறி இரவில் வெளியே வந்த பெண்ணுக்கு வேறு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அது மேடை.

ரிக்கார்டு டான்ஸ்

இசைத்தட்டின் பெயரையே தாங்கிய ஒரு கலை தமிழ்நாட்டில் உண்டு. தட்டில் பாட்டு ஓடும், பெண்கள் மேடையில் ஆடுவார்கள். ‘ரிக்கார்டு டான்ஸ்’ என்ற சொல்லை எங்கள் வீடுகளில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். கரகாட்டமும் ஸ்பெஷல் நாடகமும் இருந்த திருவிழா மேடைகளில் அது மெல்ல இடம் பிடித்தது. ரிக்கார்டு போய்க் கேசட் வந்தது, சிடி வந்தது, பெயர் மட்டும் நீண்ட நாள் நிலைத்தது. இன்று அதற்கு ‘ஆடல் பாடல்’ என்று கௌரவமான பெயர்.

மதுரையை மையமாக வைத்து ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களை ஆய்வு செய்த சூசன் சைசர், 2005இல் வெளியான தன் நூலில் அந்த நடிகைகள் சுமக்கும் களங்கத்தைப் பற்றியே எழுதினார். மேடைக்கு வெளியே ‘நல்ல பெண்’ணாகத் தெரிவதற்காக அவர்கள் எடுக்கும் பாடுகளை அதில் படிக்கும்போது ரிக்கார்டு டான்ஸ் பெண்கள்தான் என் நினைவுக்கு வந்தார்கள். ஆட வருகிறவள் பெரும்பாலும் வீட்டில் சம்பாதிக்கிற ஒரே ஆள். அவளைப் பார்க்க ஊரே கூடும். விடிந்ததும் அவளைப் பற்றிப் பேச ஊருக்கு வாய் கூசும்.

சட்டமும் அவளைத்தான் பார்க்கிறது. 2004 ஜூலை 24 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தொடங்கப்பட்டது. விருதுநகர் மாவட்டமும் அதன் எல்லைக்குள் வருகிறது. கோடையில் திருவிழாக் காலம் வந்துவிட்டால் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு மனுக்கள் அங்கே குவிகின்றன. கிடைக்கும் அனுமதிகளில் நிபந்தனைகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஆபாச உடை கூடாது, ஆபாச நடனம் கூடாது, இரட்டை அர்த்தப் பாடல் கூடாது, சாதி மதப் பாடல் கூடாது, குறித்த நேரத்தில் முடிக்க வேண்டும். சாதிப் பாடலைத் தடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ‘ஆபாசம்’ என்ற சொல் எப்போதும் ஆடுகிறவளின் துணியில் போய் நிற்கிறது. பாட்டை எழுதியவர் ஆண், தேர்ந்து போட்டவர் ஆண், காசு கொடுத்து அழைத்த விழாக் குழுவினர் ஆண்கள், விசிலடித்தவர்களும் ஆண்கள். முழங்காலுக்கு மேல் எத்தனை அங்குலம் என்ற கணக்கு மட்டும் பெண்ணுக்கு.

ஒலியைப் பற்றியும் அரசுக்குக் கணக்குகள் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை. எங்கள் ஊர்ப் பட்டாசுக்கும் 1999இல் அளவு வைத்தார்கள்: வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டக்கூடாது. நல்ல விதிகள், எனக்கு எதிர்ப்பு இல்லை. சத்தம் எவ்வளவு என்று அளக்கிற கருவி நம்மிடம் இருக்கிறது, அந்தச் சத்தத்தில் யாருக்குப் பங்கு என்று அளக்கிற கருவி இல்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அரக்கும் வினைலும் வெடிமருந்தும்

இனி தட்டையே கையில் எடுத்துப் பார்ப்போம். பழைய 78 சுற்றுத் தட்டு அரக்கால் ஆனது. அரக்குப் பூச்சியின் பிசினோடு கல்பொடியும் கரியும் சேர்த்து அச்சில் அழுத்துவார்கள். கிழக்கிந்தியக் காடுகளில் மரக்கிளையிலிருந்து அரக்கைச் சுரண்டி எடுத்தவர்களில் ஆதிவாசிப் பெண்கள் ஏராளம். 1908இல் கல்கத்தாவில் தட்டு அச்சிடும் ஆலை வந்தது. பிறகு அரக்கு போய் வினைல், அதாவது பிவிசி பிளாஸ்டிக் வந்தது.

சிவகாசிக்காரிக்கு இந்தப் பெயர்கள் வேறொரு இடத்தில் கேட்டவை. வாணவேடிக்கை பற்றிய வேதியியல் நூல்களைத் திறந்தால் அரக்கும் இருக்கும், பிவிசியும் இருக்கும். வண்ணப் பொறிகளில் எரிபொருளாகவும் பிணைப்பாகவும் அரக்கு பயன்பட்டு வந்திருக்கிறது. பிவிசி எரியும்போது குளோரினைத் தரும். பேரியத்தோடு குளோரின் சேர்ந்தால்தான் பச்சை ஒளி நன்றாக வரும், ஸ்ட்ரான்சியத்தோடு சேர்ந்தால் சிவப்பு. ஆக, தட்டில் சுழன்று பாடிய அதே இரண்டு பொருள்கள் வானத்தில் வெடித்து வண்ணமாகவும் ஆகின்றன.

அரக்கு என்றதும் பாரதத்து அரக்கு மாளிகை நினைவுக்கு வரும். பாண்டவர் சுரங்கம் வழியாகத் தப்பிப் போனார்கள். அவர்களுக்குப் பதிலாக எரிந்து கிடந்தவர்கள் ஒரு வேடுவப் பெண்ணும் அவளுடைய ஐந்து பிள்ளைகளும். அவளுக்குக் கதையில் பெயர் இல்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் இறந்தபோதும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் வெடித்தபோதும் எனக்கு அந்தப் பெண்ணின் ஞாபகம்தான் வந்தது.

எங்கள் பகுதியின் தொழில் வரலாற்றை 1920களில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடார், சண்முக நாடாரில் இருந்து தொடங்குவது வழக்கம். ‘குட்டி ஜப்பான்’ என்ற பட்டத்தைச் சொல்லி அந்த வரலாறு பெருமையோடு முடியும். 1990இல் சலம் பெனூர்கர் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்று ஆவணப்படம் எடுத்தபோதுதான் அந்தப் பட்டத்தின் அடியில் இருந்த சின்னக் கைகளை நாடு பார்த்தது. குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, குழாய் சுற்றுவது, திரி செருகுவது, சரம் பின்னுவது எல்லாம் கை வேலை. கண்ணால் பார்க்கக்கூடத் தேவைப்படாத அளவுக்கு விரல்களுக்குப் பழகிய வேலை. எண்ணிக்கைக்குக் கூலி. தீப்பெட்டியைக் குரோஸ் கணக்கில் எண்ணுவார்கள், ஒரு குரோஸுக்கு 144. என் சித்தியின் விரல் வேகத்தைப் பார்த்தவர்கள் ‘மிஷின் மாதிரி’ என்பார்கள். அது பாராட்டுப் போலக் கேட்கும். ‘கலைஞர்’ என்று சொல்லியிருந்தால் கூலியும் மாறியிருக்க வேண்டும்.

பாட்டு இல்லாத தட்டு

தட்டின் மேல் கை வைப்பது கலை என்று உலகம் ஒப்புக்கொண்டது எப்போது? பலரும் சொல்லும் தொடக்க நாள் 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஒரு குடியிருப்பின் பொது அறையில் கூல் ஹெர்க் என்ற இளைஞர் தட்டுகளைப் போட்டார். ஹிப்ஹாப் அங்கே பிறந்தது என்பார்கள். அந்தக் கொண்டாட்டத்தை ஏற்பாடு செய்தவர் அவருடைய தங்கை சிண்டி கேம்ப்பெல். பள்ளிக்கூடம் திறக்கும்போது புதுத்துணி வாங்கப் பணம் சேர்க்க வேண்டும் என்று அவர்தான் நுழைவுக் கட்டணம் வைத்து விழா நடத்தினார். 1979இல் ராப் இசையைத் தட்டில் பெரிய வணிகமாக்கிக் காட்டிய கம்பெனியை நடத்தியவர்களில் முதன்மையானவர் சில்வியா ராபின்சன் என்ற கறுப்பினப் பெண்.

அதே பத்தாண்டில் தட்டை முன்னும் பின்னும் தேய்த்து ஒலி எழுப்பும் ‘ஸ்கிராட்ச்’ முறை வந்தது. அதைக் கண்டுபிடித்தவராகச் சொல்லப்படும் தியடோர் அப்போது சிறுவன். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அம்மா கதவருகே வந்து நின்றார், அவன் ஓடுகிற தட்டைக் கையால் பிடித்தபடி அசைத்தான், அந்த ஒலி பிடித்துப்போனது என்பது கதை. கலையின் தோற்றக் கதையில் பெண் சத்தத்தை நிறுத்த வருகிறவளாக நிற்கிறாள். சிண்டி கணக்குப் பார்க்கிறவளாக நிற்கிறாள். எங்கள் வேப்பமரத்தடியில் இருந்து பிராங்ஸ் ஒன்றும் வெகுதூரம் இல்லை.

1972இல் ஜப்பானில் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 சுழல்மேசை அந்தக் கைகளுக்கு வாகான கருவியானது. மோட்டார் நேரடியாகத் தட்டைச் சுற்றும், கையால் பிடித்து விட்டாலும் உடனே வேகம் எடுக்கும். பிறகு கணினி வந்தது. பெட்டி பெட்டியாகத் தட்டுகளைச் சுமப்பதற்குப் பதில் பாட்டுகளைக் கணினியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் எலியை நகர்த்தி ஸ்கிராட்ச் செய்ய முடியாது. அந்தச் சிக்கலுக்கு ஆம்ஸ்டர்டாமில் இருந்த என்2ஐடி நிறுவனம் ஒரு வழி கண்டது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டான்டன் நிறுவனத்தின் வழியே ‘ஃபைனல் ஸ்கிராட்ச்’ என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. 2004இல் நியூசிலாந்தின் செராட்டோ, ரேன் நிறுவனத்தோடு சேர்ந்து ‘ஸ்கிராட்ச் லைவ்’ கொண்டுவந்தது. ஜெர்மனியின் டிராக்டர் பின்தொடர்ந்தது.

அதன் வேலை இப்படி. சுழல்மேசையில் ஒரு வினைல் தட்டு இருக்கும். அதில் பாட்டே இல்லை. ஒலிபெருக்கியில் நேரே போட்டால் ‘கீ’ என்று ஒரே சுருதி கேட்கும். செராட்டோ தட்டில் அது விநாடிக்கு 1,000 அதிர்வு. ஊசி அந்த ஒலியைப் படித்து, இணைப்புப் பெட்டி வழியாகக் கணினிக்கு அனுப்பும். தட்டைப் பாதி வேகத்தில் சுற்றினால் 1,000 என்பது 500 ஆகும், மென்பொருள் கணினியில் உள்ள பாட்டையும் பாதி வேகத்தில் ஓட்டும். தட்டில் இடம் வலம் என இரண்டு தடங்கள், ஒன்றைவிட ஒன்று கால் அலை முந்தி ஓடும். தட்டைப் பின்னோக்கிச் சுற்றினால் முந்துகிற தடம் மாறிவிடும், பாட்டும் பின்னோக்கி ஓடும். அலையின் உயரத்தில் செய்த நுண்ணிய மாற்றங்களில் நேரக்குறி பதிந்திருக்கும். ஊசியைத் தூக்கித் தட்டின் நடுவில் வைத்தால், எந்த இடம் என்று மென்பொருள் அதை வைத்துக் கண்டுபிடித்துப் பாட்டின் நடுவுக்குத் தாவும்.

இதைப் படித்துப் புரிந்துகொண்ட நாளில் எனக்கு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. 100 ஆண்டுகளாகத் தட்டு என்றால் குரல். இந்தத் தட்டில் குரல் இல்லை. இதில் இருப்பது கையின் வேகம், கையின் திசை, கை நின்ற இடம். கையசைவு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் கணக்கிடப்பட்டு, அதற்கு முழு மதிப்பும் தரப்படுகிறது. என் சித்தியின் விரல்களையும் அளந்தார்கள். குரோஸ் கணக்கில் அளந்தார்கள். ஒரு கையசைவை அளந்து கலை என்று கூட்டம் கைதட்டுகிறது. இன்னொரு கையசைவை அளந்து கூலியைக் குறைக்க வழி பார்க்கிறார்கள். வித்தியாசம் கையின் திறமையில் இல்லை. யாருடைய கை, எந்த மேசையின் முன் என்பதில் இருக்கிறது.

எங்கள் ஊருக்கு வந்தது எது

நேரக்குறித் தட்டு விருதுநகர்ப் பக்கத்து விசேஷ வீடுகளில் நான் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் இசைத்தட்டு போன இடத்தில் கேசட் வந்தது, பிறகு சிடி, பிறகு பென்டிரைவ். டிஜே என்ற சொல் வந்து சேர்ந்தபோது, சுழலும் தட்டு போய் அதன் சாயலில் இரண்டு வட்டங்கள் வைத்த கன்ட்ரோலர் பெட்டியும் லேப்டாப்பும் மேசைக்கு வந்துவிட்டன. காவல்துறை அனுமதிக் கடிதங்கள் கூம்புக் குழாய் கூடாது என்கின்றன. பெட்டி ஸ்பீக்கர்கள் ஆள் உயரத்துக்கு நிற்கின்றன. வட்டத்தைத் தொட்டுத் திருப்புகிற பையனுக்கு அது எதைப் பார்த்துச் செய்தது என்று தெரிந்திருக்கத் தேவையில்லை. அவன் கை பழைய ரேடியோ செட்காரர் கையின் பேரன்.

பேத்தி எங்கே? தடைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். மரம் ஏறத் தேவையில்லை. தட்டுப் பெட்டியைச் சுமக்கத் தேவையில்லை. மென்பொருளுக்குக் காசுகூட வேண்டாம். 2001 முதல் வளர்ந்துவரும் ‘மிக்ஸ்’ என்ற கட்டற்ற மென்பொருளை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், நேரக்குறித் தட்டையும் அது படிக்கும். லினக்ஸில் ஓடும் ‘எக்ஸ்வாக்ஸ்’ இதற்கென்றே எழுதப்பட்டது. எங்கள் பெண்கள் படித்தும் இருக்கிறார்கள். விருதுநகரிலும் சிவகாசியிலும் 1960களிலேயே பெண்கள் கல்லூரிகள் எழுந்தன, அவற்றில் ஒன்று பட்டாசு நிறுவனத்தின் பெயரையே தாங்கியிருக்கிறது. கணினி அறிவியல் படிக்காத தெருவே இப்போது இல்லை. கருவி என்ற தடை போய்விட்டது. பழைய மூன்று தடைகளும் அப்படியே நிற்கின்றன: இரவு, பயணம், தீர்மானிக்கும் இடம்.

ஒரு கல்லூரி ஆண்டுவிழாவுக்குப் பேசப் போயிருந்தேன். பெண்கள் மட்டும் படிக்கும் கல்லூரி. மாலையில் ஆட்டம் பாட்டம். மேசைக்குப் பின்னால் வெளியூரிலிருந்து வரவழைத்த பையன். கீழே 1,000 பெண்கள் ஆடினார்கள், ஆசிரியைகள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற மாணவியிடம், ‘உங்களில் யாருக்கும் இது தெரியாதா?’ என்று கேட்டேன். ‘ஹாஸ்டல்ல நான்தான் மேம் போடுவேன், லேப்டாப்ல’ என்றாள். ‘பின்னே ஏன் அங்கே போகவில்லை?’ ‘அது டிஜே மேம். அவருக்குக் காசு கொடுத்திருக்காங்க.’

அந்தப் பதிலில் எல்லாம் இருந்தது. அறைக்குள் செய்தால் பொழுதுபோக்கு. மேடையில் செய்தால் தொழில், அதற்குப் பெயர் உண்டு, கூலி உண்டு. சமையலிலும் தையலிலும் நாம் பார்த்த அதே கணக்கு ஒலியிலும் நடக்கிறது. இனி அந்தக் கணக்கை மாற்றும் வேலையில் பெரிய புரட்சி எதுவும் முதலில் தேவையில்லை. ஒரு பெண்கள் கல்லூரி தன் விழா மேசையைத் தன் மாணவியிடம் கொடுத்து, வெளியூர்ப் பையனுக்குக் கொடுக்கிற அதே காசைக் கொடுக்கலாம். ஒரு மகளிர் சுய உதவிக் குழு ஆடு வாங்கக் கடன் வாங்குவது போல ஸ்பீக்கர் பெட்டி வாங்கலாம். மொய் வாசிக்கும் மைக்கை ஒரு அக்கா வாங்கிக்கொண்டு, துணி எடுத்து வந்தவளின் பெயரையும் சேர்த்து வாசிக்கலாம்.

சித்திக்கு இப்போது விரல் மடங்காது. போன வருடம் என் மருமகளுக்குச் சடங்கு வேண்டாம் என்று நாங்கள் முடிவெடுத்தபோது முதலில் தலையாட்டியவர் அவர்தான். ‘ஊருக்கெல்லாம் குழாய் வச்சுச் சொல்லணுமா?’ என்றார். பிறகு அந்தப் பிள்ளையின் லேப்டாப் அருகே போய் உட்கார்ந்தார். திரையில் இரண்டு வட்டங்கள் சுற்றின. ‘இதத் தொட்டா என்ன ஆகும்?’ என்று கேட்டார். தொடச் சொன்னாள். தொட்டார். பாட்டு நின்றது. எடுத்தார், ஓடியது. மறுபடி தொட்டு, கொஞ்சம் பின்னால் இழுத்துப் பார்த்தார்.